நடை சாத்துவதற்குள் ஒரு நடை

கோயம்புத்தூரிலிருந்து திருவொற்றியூருக்கு வீடு மாற்றி வந்திருக்கிறீர்கள். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து, அம்மாவுக்கு முட்டி வலி. அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் மருதமலைப் படி. இங்கே கடல் பக்கத்திலேயே இருந்தும் குடும்பத்தோடு எங்கே நடப்பது, சின்னதாக ஏறிப் பார்க்க மலை ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். தெருப் பிள்ளைகளைச் சேர்த்து இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமெல்லாம் சுற்றியவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மலை கிடையாது. வட சென்னையில் உயரமான இடம் என்று தேடினால் கொடுங்கையூர் குப்பைமேடும் சில ரயில்வே மேம்பாலங்களும்தான் அகப்படும். மலைக்கு என்ன வழி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பையனிடம் இப்போதைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் கிளம்பும்போது நான் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. நிழல் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, களைத்துப் போனால் திரும்பி வர வண்டி கிடைக்குமா, இந்த மூன்றுதான் கணக்கு. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு இந்தக் கணக்கு ரொம்ப எளிதாகிவிட்டது. மெட்ரோ நிலையங்களில் கழிப்பறை உண்டு, லிஃப்ட் உண்டு. நடையை நிலையத்தில் தொடங்கி நிலையத்தில் முடியும்படி வைத்துக்கொண்டால் அம்மாவும் வருவார். இன்னொன்று, எங்கள் பக்கத்தில் பச்சைப் பசேல் என்று எதுவும் கண்ணுக்குக் கிடைக்காது. ஆனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம். ஒன்பது வயதுப் பையனுக்குப் பூங்காவைவிட ஐஸ் உடைக்கிற இயந்திரம்தான் சுவாரசியம் என்பது என் அனுபவம்.

உங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். திருவொற்றியூர் தேரடி மெட்ரோவிலிருந்து சன்னிதித் தெரு வழியாகத் தியாகராஜர் கோயில். காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருடம் முழுக்கக் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும்தான் கவசத்தைத் திறப்பார்கள். அந்த மூன்று நாளும் கூட்டம் தாங்காது, அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிப் போக ஏற்ற நாள் அல்ல. சாதாரண நாளில் போனால் பிராகாரத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்து நின்று விமானத்தைக் காட்டுங்கள். யானை நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி வளைந்திருக்கும். கஜபிருஷ்டம் என்று பெயர், ராஜேந்திர சோழன் காலத்துக் கருங்கல் வேலை. பேரைச் சொல்லாமல் "இது என்ன மிருகம் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால் பாப்பாவே கண்டுபிடித்துவிடுவாள்.

மகிழ மரத்தடியில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். சுந்தரர் தான் மணக்கப்போகிற சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த கதைக்கு உரிய மரம் அது. உன்னைப் பிரிய மாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும். அதே சமயம் சத்தியம் தன்னைக் கட்டிப் போடவும் கூடாது. ஆகவே, "நான் சத்தியம் செய்கிற நேரத்துக்கு மட்டும் நீர் உள்ளே இல்லாமல் மகிழ மரத்தடியில் போய் இரும்" என்று சிவனிடமே சொல்லி வைத்தார் சுந்தரர். சிவன் சரி என்று தலையாட்டிவிட்டு, நேராகச் சங்கிலியார் கனவில் போய், "சத்தியத்தை மகிழ மரத்தடியில் கேள்" என்று சொல்லிவிட்டார். பிறகு சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போயிற்று. நான் கூட்டிப் போன பிள்ளைகளில் பாதிப் பேர் சுந்தரர் கட்சி, பாதிப் பேர் சங்கிலி கட்சி. சிவன் செய்தது சரியா என்று வீடு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து கிழக்கே, கடலோரமாகப் பட்டினத்தார் சமாதி. கையில் இருந்த பேய்க்கரும்பு இனித்த ஊர் இதுதான் என்பது ஐதீகம். இந்தக் கோயிலை விட்டுவிடாதீர்கள். ஆனால் போகிற வழியில் எண்ணூர் விரைவுச் சாலையைக் கடக்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நிற்கிற லாரிக்கு முன்னால் புகுந்து கடக்கவே கூடாது; உயரத்தில் இருக்கிற டிரைவருக்குக் கீழே நிற்கிற ஐந்து வயதுக் குழந்தை தெரியாது. பாப்பாவைத் தூக்கிக்கொள்ளுங்கள். பகல் பன்னிரண்டு வாக்கில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். அதற்கு ரொம்ப முன்னாலேயே நம் நடையை முடித்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் இந்த ஊர் வெயிலில் குழந்தைகளை நடத்துவது பாவம்.

இனி கடலைப் பற்றி. திருவொற்றியூர்க் கடலோரத்துக்கு வந்ததும் பையன் கேட்கப்போகும் முதல் கேள்வி, "மணல் எங்கேப்பா, ஒரே கல்லா இருக்கு?" என்பதுதான். இதற்குப் பதில் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் இந்த ஊரின் கதையே அதில்தான் இருக்கிறது. நம் கரையில் வருடத்தில் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதும். மோதி மோதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்ச நாள் எதிர்த்திசை. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டத் தொடங்கினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவருக்குத் தெற்கே தேங்கி நின்றது. மெரினா அகலமாக அகலமாக, ராயபுரத்திலிருந்து இந்தப் பக்கம் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. குப்பங்களில் தெருத் தெருவாகக் கடலுக்குப் போயிருக்கிறது. அதைத் தடுக்கக் கொட்டியதுதான் இந்தப் பாறைகள். கடலுக்குள் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவைக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். இரண்டு வளைவுகளுக்கு நடுவே இப்போது அங்கங்கே மணல் ஒதுங்கியிருக்கிறது. பிள்ளைகள் ஓடி விளையாட அந்தத் துண்டு மணல் போதும்.

இதைப் பையனுக்குச் செய்தே காட்டலாம். அலை வந்து திரும்புகிற ஈர மணலில் ஒரு ரப்பர் செருப்பைக் கரைக்குக் குறுக்காக, பாதி புதையும்படி நட்டு வையுங்கள். அலை சாய்ந்து வருகிற நாளாக இருந்தால் பத்துப் பதினைந்து அலைக்குள் ஒரு பக்கம் மணல் ஏறி, மறுபக்கம் குழி விழும். ஏறுகிற பக்கம் மெரினா, குழி விழுகிற பக்கம் நம் வீடு. நான் இப்படிக் காட்டிக்கொண்டே பேச்சில் மறந்து போய், ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

பாறை மேல் மட்டும் ஏற விடாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். கடலில் குளிப்பதும் வேண்டாம். கல் போட்ட கரையில் ஆழம் சட்டென்று விழும். அந்த ஊர்ப் பிள்ளைகள் குதிக்கிறார்களே என்று பார்க்காதீர்கள், அவர்கள் தண்ணீரிலேயே வளர்ந்தவர்கள்.

அடுத்தது காசிமேடு. இதற்கு மெட்ரோ வாசல் வரை வராது, ஆட்டோதான். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை போகச் சொல்வார்கள். குழந்தைகளோடு ஞாயிறு போகவே போகாதீர்கள். சென்னையில் பாதிப் பேர் வஞ்சிரம் வாங்க அங்கேதான் நிற்பார்கள். வார நாளில், பள்ளி விடுமுறையாகப் பார்த்து, விடிகிற நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். விசைப்படகுகள் பல நாள் கடலில் கிடந்துவிட்டு வந்து நிற்கும். மீனைக் கூடை கூடையாக இறக்குவார்கள், ஏலம் போகும். ஏலக்காரர் சொல்கிற விலை நமக்குப் புரிவதற்குள் மீன் கை மாறிவிடும். ஐஸ் பாளத்தை இயந்திரத்தில் போட்டு உடைத்துப் படகுக்குள் குழாய் வழியாக இறக்குவதைப் பார்த்தால் பையன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான்.

ஒரு முறை எங்கள் தெருப் பொடியன் ஒருவன் மீனைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று கையை நேரே செவுளில் விட்டுவிட்டான். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "கண்ணு, வாலைப் புடிச்சித் தூக்கு, செவுள்ல கை வெச்சா கிழிச்சிடும்" என்று சொல்லி, ஒரு சங்கரா மீனை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அப்புறம் கண் தெளிவாக இருக்கிறதா, செவுளுக்குள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். அவன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். அவன் வீட்டில் இன்றைக்கும் மீன் பார்த்து வாங்குவது அவன்தான். நீங்கள் சைவமாக இருந்தால் வாடை பிடிக்காமல் போகலாம், அது வேறு. காலுக்கு நல்ல பிடிப்பான செருப்பு, பழைய துணி. ஷூ போட்டுப் போனால் மீன் தண்ணீர் ஊறி ஒரு வாரம் வீட்டுக்குள் வைக்க முடியாது. வழியை மறித்து நிற்காதீர்கள், கூடை தூக்கி வருகிறவர் நமக்காக நிற்க மாட்டார், நிற்கவும் முடியாது. படம் எடுக்க வேண்டுமானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அப்போது காசிமேட்டுக்குப் போய் என்ன பார்க்க என்று நினைப்பார்கள். என்னைக் கேட்டால் குழந்தைகளோடு போக அதுதான் நல்ல பருவம். கூட்டம் இல்லை, அவசரம் இல்லை. படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி, வண்ணம் அடித்து, பெயர் எழுதிக்கொண்டிருப்பார்கள். நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிற பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மணிக்கணக்கில் பேசுவார்கள். தண்ணீருக்கு மேலே நாம் பார்க்கிற படகு எவ்வளவு சின்னது, கீழே மறைந்திருக்கிற வயிறு எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் தெரியும்.

ராயபுரத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். ரயில் நிலையம் 1856-இல் கட்டியது, தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போயிற்று. இன்றைக்கும் புறநகர் ரயில் நிற்கிறது, அந்தத் தூண்களைப் பார்க்க இறங்கலாம். ராயப்பர் தேவாலயத்தையும் காட்டுங்கள். பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் ராயப்பர், ராயபுரம் என்பதே அதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். 1949 செப்டம்பரில் திமுகவின் முதல் கூட்டம் கொட்டும் மழையில் நடந்த ராபின்சன் பூங்காவும் இங்கேதான். அம்மா உட்கார அங்கே இடம் இருக்கும். மூன்றுக்கும் நடுவே தெருக்கள் நெரிசலானவை. அதிகாலை என்றால் மட்டும் போங்கள், இல்லாவிட்டால் ஆட்டோவில் சுற்றிவிட்டு வந்துவிடுங்கள்.

பையனுக்கு ஒரு முழு நடை வேண்டும் என்றால் நான் பரிந்துரைப்பது கலங்கரை விளக்க நடை. பெயர் நானே வைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, பாரிமுனைக் கடைகள் மூடிக் கிடக்கும்போது செய்ய வேண்டியது. மற்ற நாளில் மூட்டை தூக்குகிறவர்களும் தள்ளுவண்டிகளும் போக மிச்சம் இருக்கிற இடத்தில்தான் கால் வைக்க முடியும். சென்னைக்கு இதுவரை நான்கு கலங்கரை விளக்கங்கள். அதில் மூன்று ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். முதலாவது 1796-இல் கோட்டைக்குள், இன்றைக்கு அருங்காட்சியகமாக இருக்கிற கட்டடத்தின் மாடியில் எரிந்தது. தேங்காய் எண்ணெய் ஊற்றிய விளக்கு. இரண்டாவது 1844-இல், உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் தனியாக நிற்கிற பெரிய கல் தூண். மூன்றாவது 1894-இல், உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரத்து உச்சியிலேயே வைத்தது. நீதிமன்றத்தின் தலையில் விளக்கு ஏற்றிக் கப்பலுக்கு வழி காட்டியிருக்கிறார்கள்! நான்காவது மெரினாவில் 1977-இல் வந்தது, அதில் லிஃப்டில் மேலே போகலாம். அதை வேறு ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலையில் தெற்கே நடந்தால் வலது பக்கம் தலைமை அஞ்சலகம், இன்னும் கொஞ்சம் போனால் உயர் நீதிமன்றம். ஞாயிறு என்பதால் உள்ளே விட மாட்டார்கள், விளக்குகளை வெளியிலிருந்தே பார்க்கலாம். மதிலில் எம்டன் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள், அதைக் கண்டுபிடிக்கிற வேலையைப் பையனிடம் விடுங்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு போட்டுவிட்டுப் போன கதையைச் சொல்லி, "அவன் பெரிய எம்டன்" என்று உங்கள் அம்மா சொல்வார் பாருங்கள், அது இதிலிருந்து வந்ததுதான் என்றும் சொல்லுங்கள். அம்மா அந்தக் கதைக்கு இன்னும் நாலு சேர்ப்பார். பிறகு சாலையைக் கடந்தால் கோட்டை. அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். கோட்டைக்குள் பாதுகாப்புச் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மொத்தமும் சேர்த்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். அம்மா வேண்டுமானால் தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாளைத் தரிசித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும்.

சாயங்காலம் வந்தீர்கள் என்றால் அதே கடற்கரை நிலையத்துக்கு எதிரே அத்தோ கடைகள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் முட்டைகோஸும் பொரித்த வெங்காயமும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். பாப்பாவுக்குக் காரம் குறைத்துப் போடச் சொல்லுங்கள், போடுவார்கள்.

எண்ணூர் பற்றி நிறையப் பேர் ஆசையாகக் கேட்கிறார்கள். கொசஸ்தலையாறு கடலில் கலக்கிற முகத்துவாரம் உண்மையிலேயே அழகான இடம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க வந்த ஊர். இன்றைக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அனல் மின் நிலையச் சாம்பலும் புகைபோக்கிகளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து இந்த ஆற்றில் பரவியது. அலையாத்தி மரங்களின் அடி கறுத்துப் போயிற்று, மீனவர்கள் பல வாரம் தொழிலுக்குப் போகவில்லை. பிள்ளைகளைச் சேற்றில் இறங்க விடாதீர்கள். யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்த இடமே வேண்டாம். அது இல்லை என்றால், எண்ணூர் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் முகத்துவாரம் வரை போய், கரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் இருளர்கள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்கிற பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே.

ஒரு முழு நாள் கிடைத்தால் பழவேற்காடு. புறநகர் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து. சில்காவுக்கு அடுத்து நாட்டில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். டிசம்பர், ஜனவரியில் பூநாரைகள் வரும். ஆனால் தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரியும், பைனாகுலர் இல்லாமல் பாப்பாவுக்கு ஏமாற்றம். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், ஏமாற்றத்தை அது ஈடு கட்டிவிடும். பனையோலையில் பெண்கள் பின்னுகிற சின்னப் பெட்டிகளை வாங்கி வாருங்கள். படகுச் சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு.

முட்டையிடக் கரையேறும் கடலாமைகளைத் தேடிப் போகிற ஆமை நடை வேண்டும் என்றால் அது தென் சென்னை சமாசாரம். ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் மாணவர்கள் நடத்துவது. ஐந்து வயதுக்கு அது ரொம்ப நீளம், பையனை மட்டும் கூட்டிப் போங்கள்.

கடைசியாக மலை. ஆந்திர எல்லையில் தடா அருவிக்குப் போகலாம் என்று அலுவலகத்தில் யாராவது கிளப்புவார்கள். வழுக்குப் பாறையும் ஆழமான குட்டையுமாக இருக்கிற இடம், சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. உங்களுக்கு ஏற்றது பரங்கிமலை. தேரடியில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டியதுதான். மேலே மாதா கோயில் வரை 130 சொச்சம் படி. பாப்பா கூட நாலு தடவை உட்கார்ந்து எழுந்தால் ஏறிவிடுவாள். அம்மாவுக்குப் பின்பக்கம் தார்ச் சாலை இருக்கிறது, ஆட்டோ மேலேயே போகும். உச்சியில் நின்றால் மீனம்பாக்கத்து ஓடுபாதை கண்ணுக்கு நேரே. பையன் மருதமலையை மறந்துவிட்டு விமானத்தை எண்ண ஆரம்பித்துவிடுவான். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்பான். இறக்கிக் கூட்டி வருவதற்கென்று அரை மணி நேரம் தனியாக ஒதுக்கி வையுங்கள்.